மாமன் கண்ணுல படக்கூடாத பாப்பா

எனக்கு எட்டு வயசுலேயே மொத வேல கெடச்சிருச்சு. டிராஃபிக் போலீஸ். சம்பளம் கெடையாது, யூனிஃபார்ம் கெடையாது, லீவும் கெடையாது. ஏரியா எங்க வீட்டு ஹாலு. கண்ட்ரோல் பண்ண வேண்டிய வண்டி ஒண்ணே ஒண்ணு. எங்க மாமா.

விஷயம் என்னான்னா, எங்கம்மாவுக்கு பாப்பா பொறந்திருந்துச்சு. தம்பிப் பாப்பா. வயித்துல இருக்கும்போதே தொப்புள் கொடி கழுத்துல சுத்திக்கிச்சாம். வலி வந்து அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப பாப்பாவோட இதயத் துடிப்பு எறங்கிட்டே இருந்திருக்கு, டாக்டருங்க ஒடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. பாப்பா நல்லா இருந்துச்சு, அம்மாவும் நல்லா இருந்தாங்க. மேட்டர் அதோட முடிஞ்சிருக்கணும்லா. ஆனா அப்பா சந்தோஷத்துல பக்கத்து ஊரு கோத்தா திங்கியில இருக்கற பெரியம்மாவுக்கு போன் போட்டு, "கொடி கழுத்துல சுத்திருந்துச்சாம், இப்ப ஓகே"ன்னு சொல்லிட்டாரு. பெரியம்மா காதுல மொதப் பாதி மட்டும்தான் விழுந்துச்சு.

மறுநாளே பஸ் ஏறி வந்துட்டாங்க. வாசல்ல செருப்பக் கூட கழட்டல. மொத கேள்வி, "தம்பி எங்க? புள்ளயப் பாத்துட்டானா?" தம்பின்னா எங்க மாமா. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி. அவரு தினம் பைக்ல எல்லையத் தாண்டிப் போயிட்டு வர்ற சிங்கப்பூர் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட், பாப்பா பொறந்தப்ப அங்க இருந்தாரு, இன்னும் பாக்கலன்னு அப்பா சொன்னாரு. பெரியம்மா அப்பதான் மூச்சே விட்டாங்க. கொடி சுத்திப் பொறந்த புள்ள தாய்மாமனுக்கு ஆகாதாம். மாமன் நேருக்கு நேரா மூஞ்சியப் பாத்தா மாமன் உசுருக்கே ஆபத்தாம். அதுக்குப் பரிகாரம் இருக்கு. தட்டுல நல்லெண்ணெய் ஊத்தி, அதுல தெரியற புள்ள மூஞ்சியத்தான் மாமன் மொதல்ல பாக்கணும். ஆனா அத எப்பப் பண்ணணும்? தொப்புள்ல ஒட்டிட்டு இருக்கற மிச்சக் கொடி காஞ்சு விழுந்ததுக்கு அப்புறம். இது எல்லார் வீட்டுலயும் இப்படித்தானான்னு என்னக் கேக்காதீங்க, எங்க பெரியம்மா சட்டத்துல இப்படி.

நான் இப்ப காலேஜ்ல பயோமெடிக்கல் படிக்கறேன். தண்ணிக்குள்ள குட்டிக்கரணம் போடற புள்ளைக்கு கொடி கழுத்துல மாட்டறது சாதாரண விஷயம், நெறைய புள்ளைங்க அப்படித்தான் பொறக்குதுங்க, பாதி நேரம் பிரசவம் பாக்கற நர்ஸு மிஸ்ஸிங்களே தலைக்கு மேல கழட்டி விட்டுருவாங்க. அம்மா மாசமா இருக்கும்போது கையத் தூக்கித் துணி காயப் போட்டதாலதான் சுத்திச்சுன்னு பெரியம்மா வேற திட்டுனாங்க, அதுக்கும் கொடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இப்ப இதெல்லாம் பெரிய பருப்பு மாதிரி சொல்றேன். அன்னைக்கு நான் பெரியம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்புனேன். எங்கம்மா என்ன விட நம்புனாங்க.

மாமா எங்க கூடத்தான் இருந்தாரு. அவரு நடக்கப் பழகற வயசுலயே அவங்க அம்மா செத்துட்டாங்களாம். பெரியம்மா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆகி கோத்தா திங்கிக்குப் போயிட்டாங்க. அதனால எங்கம்மாதான், அவங்களே சின்னப் புள்ள, மாமாவ இடுப்புல தூக்கிட்டு எஸ்டேட்டு லயத்து வீடுங்களச் சுத்துனாங்க. சோறு ஊட்டுனது, குளிப்பாட்டுனது, ஸ்கூலுக்கு அனுப்புனது எல்லாம் அவங்கதான். அப்பா பொண்ணு பாக்க வந்தப்ப, "என் தம்பியும் கூட வருவான்"னு காப்பிய டேபிள்ல வச்சுக்கிட்டே சொன்னாங்களாம். அப்பா இன்னும் அத சொல்லிச் சிரிப்பாரு, ரெண்டு பேரக் கட்டிக்கிட்டேன்னு.

தெப்ராவ் பக்கத்துல ஒரு தாமான்ல, அதான் குடியிருப்புல, எங்க வீடு. ஒத்த மாடி லிங்க் ஹவுஸ். மாமா ரூம் முன்னாடி, பாத்ரூம் பின்னாடி, நடுவுல அம்மா ரூம். அதனால மாமா ஒண்ணுக்குப் போகணும்னா கூட அம்மா ரூம் கதவத் தாண்டித்தான் போயாகணும். இதுக்குத்தான் டிராஃபிக் போலீஸ். மாமா ரூம்ல இருந்து சத்தம் குடுப்பாரு, "என்னா மருமவளே, ரோடு கிளியரா?" நான் ஓடிப்போய் அம்மா ரூம் கதவச் சாத்தி, திரைய இழுத்து விட்டு, "கிளியர்"னு கத்துவேன். அப்புறம்தான் வருவாரு. சும்மா வரமாட்டாரு. பைக் ஹெல்மெட்ட முன்பக்கம் பின்னாடி வர்ற மாதிரி திருப்பி மாட்டிக்கிட்டு, கைய நீட்டிட்டு பேய் மாதிரி வருவாரு. சோபாவுல இடிச்சுக்குவாரு. "அலமாக், யாரு இங்க சோபா பார்க் பண்ணது, சம்மன் போடு, ஃபைன் கட்டட்டும்"ன்னுவாரு. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பெரியம்மா மட்டும் சிரிக்க மாட்டாங்க. உன் உசுரு உனக்கு வெளையாட்டா இருக்குன்னு குசினியில இருந்து கத்துவாங்க.

பாப்பாவுக்குன்னு சிங்கப்பூர்ல இருந்து குட்டித் தொப்பி, கையுறை, ஒரு சத்தம் போடற யான பொம்ம எல்லாம் வாங்கிட்டு வந்து என் கைல குடுத்து அனுப்புவாரு. மூடுன கதவுக்கு வெளிய உக்காந்து பாப்பாகிட்ட பேசுவாரு. உள்ள இருந்து அம்மா, "கேக்கறான்டா, கண்ண உருட்டறான்"னு சொல்லுவாங்க. மூக்கு யாரு மாதிரின்னு கேப்பாரு. உன்ன மாதிரிதான், சப்பன்னு அம்மா சொல்லுவாங்க. கதவுக்கு ரெண்டு பக்கமும் சிரிப்பா இருக்கும்.

இதுல பெரியம்மாவுக்கு ஒரே அவசரம், கொடி சீக்கிரம் விழணும். அது விழுந்தாத்தான் எண்ணெயில மூஞ்சி காட்ட முடியும், அதுவரைக்கும் தம்பி தலைக்கு மேல கத்தி தொங்குதேன்னு பயம். வீட்டுக்கு வந்து பாக்கற கிளினிக் மிஸ்ஸி, தொப்புள்ல ஒண்ணும் வைக்காதீங்க, தண்ணி துடைச்சு காய விடுங்க, தானா விழும்னு சொல்லிட்டுப் போயிருந்தாங்க. பெரியம்மா சரி சரின்னு தலையாட்டுனாங்க. மிஸ்ஸி கார் முக்குல திரும்புனதும் வசம்ப சுட்டுக் கருக்கி, எண்ணெயில கொழச்சு, மஞ்சளும் போட்டு, அந்தக் கொடி மேல அப்புனாங்க. அடுத்த தடவ மிஸ்ஸி கார் சத்தம் கேட்டா பஞ்ச வச்சு அவசர அவசரமாத் தொடச்சுருவாங்க. அதையும் நான்தான் ஜன்னல்ல நின்னு பாத்துச் சொல்லணும். பொறுப்பான போலீஸ் வேற.

அது மழக்காலம், டிசம்பர் லீவு. ஒருநாள் சாயங்காலம் கோத்தா திங்கியில ஆத்துத் தண்ணி வீட்டுப் பக்கம் ஏறுதுன்னு பெரியம்மாவுக்கு போன் வந்துச்சு. சாமான மேல தூக்கி வச்சுட்டு ஒரே நாள்ல வந்துடறேன்னு கெளம்பிப் போயிட்டாங்க. அப்பா டிரெய்லர் ஓட்டறவரு, தூரமா கிளந்தான் பக்கம் லோடு ஏத்திட்டுப் போயிருந்தாரு. வீட்டுல அம்மா, நான், பாப்பா. விடிஞ்சா மாமா வருவாரு.

விடிஞ்சுது. நான் எந்திரிச்சு ரூமுக்குப் போனப்ப அம்மா கட்டில்ல உக்காந்து பாப்பாவ மடியில போட்டு மூஞ்சியப் பாத்துட்டே இருந்தாங்க. பால் குடிக்க மாட்டேங்குதுன்னாங்க. வாயில வச்சா சும்மா இருக்குது, சப்பல. நான் போய் உள்ளங்கால்ல கிச்சுகிச்சு மூட்டுனேன். எப்பவும் கால இழுத்துக்கும். அன்னைக்கு இழுக்கல. கால் ஜில்லுன்னு இருந்துச்சு.

அம்மா துணிய விலக்குனாங்க. அந்தக் கொடி கருப்பா, ஈரமா நின்னுட்டு இருந்துச்சு. அதச் சுத்தி வயித்துத் தோலு செவந்து பளபளன்னு வீங்கிக் கெடந்துச்சு. நேத்து ஒரு வெள்ளிக் காசு அளவுதான் செவப்பு, பெரியம்மா பாத்துட்டு காயற சூடுன்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு அது மேல நெஞ்சு வரைக்கும் ஏறிப் போயிருந்துச்சு. ஒரு வாட அடிச்சுது. ஐஸ் பெட்டியில மறந்து வச்ச கறி மாதிரி. அம்மா பாப்பா காலக் கிள்ளுனாங்க. பூன மாதிரி ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். இன்னொரு தடவ கிள்ளுனாங்க. அது கூட வரல.

அப்பாவுக்கு போன் போட்டாங்க. அவரு ரோட்டுல இருந்தாரு, லைன் விட்டு விட்டு வந்துச்சு, உன் தம்பியக் கூட்டிட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போன்னு கத்துனது மட்டும் கேட்டுச்சு. பெரியம்மா எடுக்கவே இல்ல. ஆம்புலன்ஸ்க்குப் போட்டா, வருது, ஆனா ரோட்டுல தண்ணி, டைம் ஆகும்ங்கறாங்க. பக்கத்து வீட்டுச் சீனர் குடும்பம் லீவுக்குப் போயிருந்துச்சு. வெளிய மழ ஊத்துது.

அப்பதான் கேட்டுல மாமா ஹார்ன் அடிச்சாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. எங்க வீட்டு கஞ்சில் கார் போர்ச்லதான் நிக்குது, மாமாவுக்கு ஓட்டத் தெரியும், அஞ்சு நிமிஷத்துல கெளம்பிரலாம். நான் அம்மாவப் பாத்தேன். அம்மா எந்திரிக்கல. கதவயே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. எதுக்கு இப்படி உக்காந்திருக்காங்கன்னு எனக்கு எரிச்சலா வந்துச்சு. அப்புறம் மெதுவா, "கதவச் சாத்து"ன்னாங்க.

சாத்துனேன். மாமா மழக்கோட்டோட ஹால்ல வந்து நின்னு, "கிளியரா மருமவளே?"ன்னாரு. அம்மா உள்ள இருந்து பேசுனாங்க. கொரல் சாதாரணமாத்தான் இருந்துச்சு, அதான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு.

"தம்பி, பாப்பா கண்ணத் தொறக்க மாட்டேங்குறான்டா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மாமா ஹெல்மெட் கீழ விழுற சத்தம் கேட்டுச்சு. "க்கா, கதவத் தொற."

"தொறக்காத. நீ போய் காரெடு. நான் மூடித் தூக்கிட்டு வரேன்."

"க்கா, இப்ப போய் இதெல்லாம் பாத்துக்கிட்டு. சாவறதா இருந்தா நான் சிங்கப்பூர் போற காஸ்வே பாலத்துலேயே செத்திருப்பேன், தினம் லாரிக்கு நடுவுலதான் போறேன்."

"அந்த வார்த்தையச் சொல்லாத. காரெடுடா."

மாமா சாவி எடுக்கற சத்தம் கேட்டுச்சு.

அம்மா பாப்பாவ டவல்ல சுத்துனாங்க, மூஞ்சிக்கு மேல ஒரு மெல்லிசுத் துணி. ஆபரேஷன் தையல் இன்னும் ஆறல, எந்திரிக்கும்போதே வயித்தப் புடிச்சுக்கிட்டு பல்லக் கடிச்சாங்க. பின் சீட்டுல ஏத்தி உக்கார வைக்கறதுக்குள்ள நான் முழுசா நனஞ்சுட்டேன். மாமா ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டு நேராப் பாத்துட்டே இருந்தாரு, கழுத்துல சுளுக்கு புடிச்ச மாதிரி. என்ன முன்னாடி உக்கார வச்சாங்க. கண்ணாடியத் திருப்புன்னு அம்மா என்கிட்ட சொன்னாங்க. நான் எட்டி அந்த நடுக் கண்ணாடிய கூரையப் பாக்கற மாதிரி திருப்பி விட்டேன். மாமா திரும்பறாரான்னு பாத்துக்கறது என் டியூட்டி. நான் ரோட்டப் பாக்கவே இல்ல. வழி முழுக்க மாமாவோட கண்ணத்தான் பாத்துட்டு வந்தேன்.

தெப்ராவ் ஹைவேயில மழ பேஞ்சா ஜாம் எப்படின்னு எங்க ஊரு ஜேபிக்காரங்களுக்குத் தெரியும். சிங்கப்பூர் போற வண்டி, ஃபேக்டரி பஸ், லாரி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு நின்னுட்டு இருந்துச்சு. மாமா ஹசாட் லைட்டப் போட்டுட்டு ஓரமா எமர்ஜென்சி லேன்ல ஏத்துனாரு. அங்கயும் பைக்காரங்க பாலத்துக்கு அடியில மழைக்கு ஒதுங்கி நின்னுட்டு இருந்தாங்க. ஹார்ன் மேல கைய வச்சுட்டு எடுக்கவே இல்ல.

"க்கா, அழறானா?"

"இல்லடா."

"கிள்ளுக்கா."

"கிள்ளிட்டேன்."

வைப்பர் மட்டும் கிரீச் கிரீச்சுன்னு ஓடிட்டு இருந்துச்சு. மாமா கழுத்து நரம்பு பொடச்சுக்கிட்டு நின்னுச்சு. திரும்பிப் பாக்கணும்னு அவருக்கு எவ்வளவு இருந்துச்சுன்னு அந்தக் கழுத்துலயே தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் கழிச்சு அம்மா, மூச்சு விடறானா இல்லியான்னே தெரியலடான்னாங்க. மாமா, மூக்குக்கிட்ட கன்னத்த வச்சுப் பாருக்கான்னாரு. வச்சாங்க. இருக்குன்னாங்க. அப்புறம், இருக்குன்னு நெனைக்கறேன்னாங்க. எனக்கு ரெண்டு பேர நெனச்சும் பயம். பின்னாடி இருக்கறது செத்துருமோ, திரும்பிப் பாத்தா பக்கத்துல இருக்கறவரு செத்துருவாரோ. எட்டு வயசுப் புள்ளைக்கு இது ஓவர்லா.

ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசல்ல காரு நின்னப்ப காவலுக்கு நின்ன ஜாகா ஓடி வந்து இங்க நிறுத்தாதன்னு கண்ணாடியத் தட்டுனாரு. அம்மா கதவத் தொறந்து ஒரு கால வெளிய வச்சாங்க. எந்திரிக்கப் பாத்தாங்க, முடியல. திரும்பவும் பாத்தாங்க, முட்டி மடங்கி சீட்டுலேயே உக்காந்துட்டாங்க. சட்ட வயித்துப் பக்கம் ஈரமா இருந்துச்சு. மழ ஈரமா தையல் ஈரமான்னு எனக்குத் தெரியல. மாமா எறங்கி அந்தப் பக்கம் வந்து, முதுகக் காட்டிட்டு நின்னாரு.

"குடுக்கா. நான் ஓடறேன்."

அம்மா பாப்பாவப் பாத்தாங்க. மாமா முதுகப் பாத்தாங்க.

"கண்ண மூடிக்கடா."

மாமா திரும்பி, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டுனாரு. அம்மா டவலோட அதுல வச்சாங்க. என்னப் பாத்து, மாமா சட்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போன்னாங்க.

போனேன். அத விட நீளமான தூரத்த நான் இன்னைக்கு வரைக்கும் நடந்தது இல்ல. மொத்தமே ஒரு பேட்மின்டன் கோர்ட் அளவுதான் இருக்கும். மாமா சட்ட முன்பக்கத்தக் கொத்தாப் புடிச்சுக்கிட்டு நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே பின்பக்கமா ஓடறேன், அவரு குருட்டாம்போக்குல என் பின்னாடி வராரு. இங்க மேடு மாமா. லெஃப்ட் மாமா. இல்ல, என் லெஃப்ட்டு. வீல்சேர்ல ஒரு அங்கிளத் தள்ளிட்டு வந்தவரு ஓய் ஓய்ன்னு கத்திட்டு ஒதுங்குனாரு. ஜாகா மலாய்ல, கண்ணு தெரியாத மனுசன்கிட்ட யாரு கொழந்தயக் குடுத்ததுன்னு கேட்டுக்கிட்டே கூட ஓடி வந்தாரு. மாமா தோளு தூண்ல இடிச்சுது. சத்தம் நல்லாக் கேட்டுச்சு, ஆனா அவரு பாப்பாவ இன்னும் உள்ள இறுக்கிக்கிட்டாரே தவிர கண்ணத் தொறக்கல. ஹெல்மெட்ட திருப்பிப் போட்டுக்கிட்டு சோபாவ இடிச்சு என்னச் சிரிக்க வச்ச அதே ஆளு. அப்ப பல்லக் கடிச்சுக்கிட்டு, "சொல்லு சொல்லு, எந்தப் பக்கம் சொல்லு"ன்னு மட்டும் சொல்லிட்டு இருந்தாரு.

கண்ணாடிக் கதவுக்கு முன்னாடி தர எல்லாம் மழத் தண்ணி. நான் வழுக்கி விழல, ஏன்னா எனக்குத் தெரியுது. மாமாவுக்குத் தெரியல. ஒரு கால் சர்ருன்னு முன்னாடி போயிருச்சு. முட்டி போட்டு விழுந்தாரு. கை ரெண்டும் மேல. பாப்பா விழல, ஆனா டவல் வெலகி மூஞ்சித் துணி பறந்து தண்ணில விழுந்துச்சு. பாப்பா மூஞ்சி வெளிய தெரிஞ்சுது. சாம்பல் நெறத்துல இருந்துச்சு.

நான் ஒடனே என் ரெண்டு கையையும் பாப்பா மூஞ்சி மேல வச்சு மூடுனேன். போலீஸ் வேல.

அப்ப பின்னாடி இருந்து அம்மா கொரல். எப்படி எந்திரிச்சாங்கன்னு தெரியல. காரு கதவப் புடிச்சுக்கிட்டு, வயித்த ஒரு கையால அமுக்கிக்கிட்டு, மழையில நின்னுட்டு இருந்தாங்க.

"கண்ணத் தொறடா!"

மாமா தொறக்கல. முட்டி போட்டபடியே தலைய மட்டும் அம்மா பக்கம் திருப்பி, "க்கா?"ன்னு கேட்டாரு. சின்னப் பையன் கேக்கற மாதிரி இருந்துச்சு.

அம்மா மாமாவோட மூடுன கண்ணையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. நெஜமாவே கொஞ்ச நேரம்தான் இருந்திருக்கும்.

"தொறந்து ஓடுடா."

மாமா தொறந்தாரு. என் கையத் தள்ளி விட்டுட்டு பாப்பாவப் பாத்தாரு. நேருக்கு நேரா, மொத தடவையா. அவரு வாய் கோணிக்கிச்சு. அப்புறம் எந்திரிச்சு ஓடுனாரு பாருங்க, என்ன விட்டுட்டு, ஜாகாவ விட்டுட்டு, கதவ முதுகால இடிச்சுத் தள்ளிக்கிட்டு, "மிஸ்ஸி, தோலோங், காப்பாத்துங்க, மிஸ்ஸி"ன்னு கத்திக்கிட்டே உள்ள போயிட்டாரு.

யாரோ அம்மாவ வீல்சேர்ல வச்சுத் தள்ளிட்டு வந்தாங்க. உள் கதவுக்கு வெளிய பெஞ்சுல என்னையும் மாமாவையும் உக்கார வச்சு, அம்மாவோட வீல்சேரப் பக்கத்துல நிறுத்துனாங்க. ஒரு தமிழ் லேடி டாக்டர் வெளிய வந்து, தொப்புள்ல என்ன வச்சீங்கன்னு கேட்டாங்க. அம்மா சொன்னாங்க. டாக்டர் கண்ண ஒரு தடவ மூடித் தொறந்தாங்க. அந்தக் கொடி வெட்டுன எடம் இன்னும் ஆறாத புண்ணு மாதிரி, அங்க வச்சது அழுகி, கிருமி வயித்துத் தோலுக்கும் ரத்தத்துக்கும் போயிருக்குன்னு வெளக்குனாங்க. டிரிப்புல மருந்து ஏத்தறோம், இப்போதைக்கு வேற ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாங்க. எதுக்கு இவ்வளவு அவசரமாக் கொடி விழணும்னு வச்சீங்கன்னு கேட்டாங்க. அம்மா மாமா பக்கம் திரும்புனாங்க. டாக்டர் மாமாவப் பாத்தாங்க, கிழிஞ்ச பேன்ட்டு முட்டியப் பாத்தாங்க. கொடி சுத்திப் பொறந்த புள்ளையான்னு கேட்டாங்க. அவங்க வீட்டுலயும் ஒரு பெரியம்மா இருந்திருப்பாங்க போல. அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு மாமாகிட்ட சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

ஸ்பாய்லர் குடுத்துடறேன். ரெண்டு பேரும் இருக்காங்க. அந்தப் பாப்பா இப்ப என் சார்ஜரத் திருடற வேலையத் தவிர வேற வேல பாக்கறது இல்ல. தொப்புள் மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கும், அதுக்காக நீச்சல் குளத்துல சட்டையக் கழட்ட மாட்டான். மாமா கல்யாணம் ஆகி தொப்ப போட்டுட்டாரு. ஆனா அன்னைக்கு அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்த யாருக்கும் அது தெரியாதுல்ல.

வெளிய ஸ்பீக்கர்ல எங்க கார் நம்பரச் சொல்லி, வழிய மறைக்குது, எடுங்கன்னு கூப்பிட்டாங்க. மாமா எந்திரிச்சாரு. அம்மா வீல்சேர்ல இருந்து கைய நீட்டி அவரு மணிக்கட்டப் புடிச்சாங்க.

"போகாத."

"க்கா, கார எடுத்து ஓரமாப் போட்டுட்டு வந்துடறேன். ரெண்டு நிமிஷம்."

"மழ பேயுது. ரோட்டத் தாண்டணும். உக்காரு."

"சம்மன் போடுவான்க்கா."

"போடட்டும்."

மாமா சிரிக்கப் பாத்தாரு. அம்மா மூஞ்சியப் பாத்துட்டு சிரிக்காம உக்காந்துட்டாரு. அம்மா அவரு கைய விடல. தோள் இடிச்ச எடத்தத் தடவிப் பாத்தாங்க, ரத்தம் கசிஞ்ச முட்டியத் தொட்டுப் பாத்தாங்க, நெத்திய, கழுத்தத் தொட்டுப் பாத்தாங்க, காய்ச்சல் அடிக்குதான்னு பாக்கற மாதிரி. எனக்குக் கடுப்பா இருந்துச்சு. பாப்பா உள்ள கெடக்குது. கண்ணு தெரியாத ஆள இழுத்துட்டுப் போன நான் நனஞ்சு நடுங்கிட்டு பக்கத்துலயே உக்காந்திருக்கேன். இவங்க என்னான்னா, வளந்த ஆம்பள முட்டியில பட்ட சிராய்ப்பத் தடவிட்டு இருக்காங்க.

ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம். மாமா ரெண்டு தடவ எந்திரிக்கப் பாத்தாரு, தண்ணி வாங்கிட்டு வரேன்னாரு, போன் பேசிட்டு வரேன்னாரு. ரெண்டு தடவையும் அம்மா கை இறுகுச்சு.

அப்புறம் உள்ள இருந்து சத்தம் வந்துச்சு. மொதல்ல பூன மாதிரி, அப்புறம் பெருசா, கோவமா. ஊசி குத்துனதுக்கு ஒரு பாப்பா வீல்னு கத்துது. எங்க பாப்பாதான், எனக்குத் தெரியும். நான் குதிச்சு எந்திரிச்சு கதவுக்கு ஓடி, அந்த வட்டக் கண்ணாடிக்கு எட்டிக் குதிச்சுக் குதிச்சுப் பாத்தேன். ஒரு மிஸ்ஸி என்னப் பாத்து கட்ட வெரலக் காட்டுனாங்க. நான் திரும்பி, அம்மா பாப்பா அழறான், வாங்கம்மா, வந்து பாருங்கன்னு கூப்பிட்டேன்.

அம்மா காதுல விழுந்துச்சு. கண்ணுல தண்ணியா ஓடுச்சு. ஆனா கதவுப் பக்கம் திரும்பவே இல்ல. மாமா மூஞ்சியவே பாத்துட்டு, அந்த மணிக்கட்ட ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, "மன்னிச்சுர்றா தம்பி"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருந்தாங்க. மாமா, ஒண்ணும் ஆகாதுக்கா, ஒண்ணும் ஆகாதுக்கான்னு சொல்லிக்கிட்டே அழுதாரு.

கார எடுக்க விடாம சம்மன் வாங்கிக் குடுத்ததுக்கு இவ்வளவு பெரிய மன்னிப்பான்னு நெனச்சுக்கிட்டு, நான் திரும்பி கண்ணாடிப் பக்கம் குதிச்சேன்.